கோர்ட்டுக்கு வெளியே கழற்றிவைத்த செருப்பு

டென்னிஸ் ஆடினால் உடம்புக்கு என்னென்ன நன்மை என்று என் கைப்பேசி இன்னமும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரு காலத்தில் நானே தேடித் தேடிப் படித்தவள் என்பதால் அது என்னை விடுவதாக இல்லை. இதயத்துக்கு நல்லது, எலும்புக்கு நல்லது, இரத்தத்தில் சீனி குறையும், நன்றாகத் தூக்கம் வரும், ஒரு மணி நேரம் ஆடினால் இத்தனை கலோரி எரியும். கூடவே காலில் வெள்ளைச் சப்பாத்து போட்ட ஒரு பெண் மட்டையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிற படம். அந்தச் சப்பாத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. இந்த எரிச்சலில் எத்தனை கலோரி போகிறது என்று யாரும் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

நான் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிறந்து வளர்ந்தது லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில். அந்த லயத்தில் எங்களுக்கென்று மிச்சமிருப்பவர் என் மதினி ஒருவர்தான். அண்ணன் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அவர்களுடைய மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். மதினி கல்யாணமாகி வந்தபோது நான் பாவாடை சட்டையோடு திரிந்த பிள்ளை. என்னைத் தலைவாரி, ரொட்டி சுட்டுக் கொடுத்து, பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டுத்தான் அவர் பெரட்டுக்கு ஓடுவார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற அந்த இடத்துக்கு அவர் பிந்திப் போய்த் திட்டு வாங்கிய நாட்களில் பாதி, என் பின்னலால் வந்தவை. இன்றைக்கும் என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அதில் பெருமையும் இருக்கும், நக்கலும் இருக்கும்.

வயது வந்துவிட்டதென்று தோட்டம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. காலமெல்லாம் கூடையைச் சுமந்து மலை ஏறிய உடம்பு, திடீரென்று லயத்து வாசலில் உட்கார்ந்துவிட்டது. சாப்பாடு மட்டும் மாறவில்லை. அதே கோதுமை மா ரொட்டி, அதே சீனி போட்ட தேத்தண்ணி. சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, முன்பே இருந்தது, இப்போது தலைக்கு மேலே ஏறியது. பதுளையில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஓர் இளம் டாக்டரம்மா மதினியின் பாதத்தில் ஒரு மெல்லிய நூலால் தொட்டுத் தொட்டு, "தெரியுதா அம்மா?" என்று கேட்டார். மதினி எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டினார். தொடாமலே கேட்டபோதும் ஆமாங்க என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கால் மரத்துப்போயிருக்கிறது, வெறுங்காலோடு எங்கேயும் போக விடாதீர்கள், வீட்டுக்குள்ளேகூட செருப்பு போடட்டும், அதோடு தினமும் உடம்பை அசைக்க வேண்டும், அவருக்குப் பிடித்தமான ஏதாவது ஒன்றைச் செய்யட்டும் என்றார். அந்த வார்த்தைகள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கின்றன. மதினிக்கும் ஞாபகம் இருந்தது. அன்றிலிருந்து அவர் கட்டிலிலிருந்து இறங்கும்போதே செருப்பைத் தேடுவார். கக்கூசுக்குப் போனாலும் செருப்பு, தண்ணி பிடிக்கிற பீலிக்குப் போனாலும் செருப்பு. சொன்ன பேச்சைக் கேட்காத மனுசி இல்லை அவர். இதை நான் முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பிறகு நடந்ததைக் கேட்டவர்கள் எல்லாரும், "படிக்காத ஜனங்கள், சொன்னால் கேட்கமாட்டார்கள்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

அந்த நேரத்தில்தான் தோட்டத்துக்குப் புது துரை, அதாவது மேனேஜர், வந்தார். இளவயதுக்காரர், எல்லாரையும் பார்த்துச் சிரிப்பவர், படம் எடுப்பதில் ஆசை உள்ளவர். கம்பெனி ஏதோ சுகவாழ்வுத் திட்டம் என்று ஆரம்பித்து, கொழும்பிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு எங்களை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் உட்காரவைத்து, சுவரில் படம் காட்டிப் பேசினார் அந்தப் பெண். கெட்ட பிள்ளை இல்லை. தமிழும் நன்றாகப் பேசினார். உட்கார்ந்தே இருந்தால் என்ன வருத்தமெல்லாம் வரும் என்று சொன்னபோது, மதினி கை தூக்கினார்.

"மிஸ், இந்த நாப்பது வருசத்துல நாங்க எப்பங்க உக்காந்தோம்?"

பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலை மலையாக ஏறி இறங்கியபோது இவர்கள் எரித்த கலோரியை யாரும் படம் போட்டுக் காட்டவில்லை. அப்போது அதற்குப் பெயர் கலோரி இல்லை, கொழுந்து. எரித்தது இவர்கள், எடுத்துக்கொண்டு போனது வேறு ஆட்கள். இப்போது நிறுத்திவிட்டு, உடம்பை அசையுங்கள் என்று சொல்ல ஆள் அனுப்புகிறார்கள்.

ஆனாலும் அந்தப் பெண் சொன்ன ஒரு யோசனை நல்ல யோசனை. தோட்டத்தில் சும்மா கிடக்கிற டென்னிஸ் கோர்ட்டில் ஓய்வுபெற்ற பெண்கள் ஞாயிறு பின்னேரங்களில் ஆடலாம் என்றார். டென்னிஸ் ஆடும்போது ஓடுகிறோம், நிற்கிறோம், திரும்புகிறோம், குனிகிறோம். அதனால் இதயமும் எலும்பும் ஒன்றாகப் பலப்படும். தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் இருக்கிற சீனியை அது இழுத்துக்கொள்ளும். கால் தடுமாறாமல் நிற்கப் பழகும். ஒரு மணி நேரத்தில் அவரவர் எடைக்குத் தக்கபடி சில நூறு கலோரி போகும். தனியாக நடப்பது போலச் சலிப்பும் வராது. கடைசிப் படத்தில், பொருத்தமான சப்பாத்து அணியவும் என்று எழுதி, ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்தின் படமும் போட்டிருந்தார். அதை எல்லாரும் பார்த்தோம். எங்களுக்குச் சொல்கிறார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கோர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். துரை பங்களாவுக்குக் கீழே, தேயிலைக்கு நடுவில், கம்பி வலை அடித்த சதுரம். எங்கள் தோட்டத்தில் எல்லாமே ஏற்றம், இறக்கம், படிக்கட்டு. ஒரு பந்தை வைத்தால் உருளாமல் நிற்கிற தட்டையான நிலம் அது ஒன்றுதான். புற்று மண்ணை அரித்து, குழைத்து, பூசி, உருளை இழுத்துச் செய்தது. வெள்ளைக்காரன் காலத்தில் போட்டதாம். பிறகு வந்த துரைமாரும் ஆடினார்கள். அதைக் கூட்டுவது, தண்ணீர் தெளிப்பது, புல் பிடுங்குவது, சுண்ணாம்புக் கோடு போடுவது எல்லாம் எங்கள் பெண்கள். என் அம்மா செய்திருக்கிறார். மதினி வந்த புதிதில் அவரும் செய்திருக்கிறார்.

அதற்கு ஒரு சட்டம் இருந்தது. செருப்பை வேலிக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், தரை கெட்டுவிடுமாம். அம்மா காலத்தில் கழற்றுவதற்குச் செருப்பே கிடையாது, அதனால் சிக்கல் இல்லை. மதினி காலத்தில் இருந்தது. ஒருநாள் மறந்துபோய் சிலிப்பரோடு உள்ளே கால் வைத்ததற்குக் கங்காணி அன்றைக்கு அவருக்கு அரைப்பேர்தான் போட்டார். முழு நாள் வேலைக்குப் பாதி நாள் கூலி. கல்யாணமாகி வந்த முதல் மாதம் அது. அன்றைக்கு அவர் அழுதுகொண்டு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. துரைமார் மட்டும் சப்பாத்து போட்டுக்கொண்டுதான் ஆடுவார்கள். ஓடி, குதித்து, சறுக்கி, சப்பாத்தாலேயே மண்ணைக் கிளறி ஆடுகிறவர் காலால் கோர்ட் கெடாது. குனிந்து கூட்டுகிறவள் போட்டிருக்கிற ரப்பர் சிலிப்பரால் கெட்டுவிடும். இதை ஒரு பிள்ளையிடம் கணக்காகக் கொடுத்தால்கூட, எங்கேயோ பிழை இருக்கிறது டீச்சர் என்று சொல்லும்.

முதல் ஞாயிறு நாங்கள் ஆடப் போனோம். ஆறு பெண்கள், எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள், என்னைத் தவிர. எனக்குப் பிரஷர் இருப்பதால் நானும் சேர்ந்துகொண்டேன். பதுளையிலிருந்து பஸ் ஏறி வந்து, பூசை பார்த்து, மதினி வீட்டில் சாப்பிட்டு, பிறகு கோர்ட். வேலிக்கதவு திறந்திருந்தது. கழற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வரிசையாகக் குனிந்தார்கள், செருப்பைக் கழற்றி, வெற்றிலைப் பையை அதன்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். மதினியும் கழற்றினார். கட்டிலடியில்கூட செருப்பைத் தேடுகிற அதே மதினி. நானும் பதுளையில் வாங்கிய என் கன்வஸ் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்து, அதையும் அந்த வரிசையில் வைத்தேன். பட்டப்படிப்பு படித்தவள் நான். கை தானாக நாடாவுக்குப் போய்விட்டது.

ஆட்டம் நன்றாக இருந்தது. அதை நான் மறைக்கமாட்டேன். பழைய மட்டை, சோர்ந்துபோன பந்து, ஓட்டை விழுந்த வலை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கொழுந்து பறித்த வேகத்தோடு பந்தைப் பார்த்துப் பாய்ந்தார்கள். மதினிக்குத் தோளில் வலி, மட்டையை மேலே தூக்க முடியாது. ஆனால் கீழே வருகிற பந்து எதுவும் தப்பாது. தரையோடு தரையாக வாரி எதிர்ப்பக்கம் தள்ளிவிடுவார்.

புள்ளி எண்ணுவதில்தான் பெரிய வேடிக்கை. பதினைந்து, முப்பது, அடுத்தது நாற்பது என்று நான் சொன்னேன்.

"அதெப்படி? பதினஞ்சு, முப்பது, நாப்பத்தஞ்சுல்ல வரணும்?" என்றார் மதினி.

"ஆட்டத்துல அப்படித்தான் மதினி. நாப்பதுதான்."

"அப்ப இங்கயும் அஞ்சு வெட்டிட்டாங்களா? தண்ணிக்கு, சாக்குக்குன்னு தராசுல வெட்டுன மாதிரி?"

கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கு, சாக்குக்கு என்று கிலோவைக் கழிப்பதை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர்கள் எல்லாரும் மட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அதிலிருந்து யாராவது நாற்பது என்று சொன்னாலே போதும், "அஞ்சு எங்க போச்சு?" என்று ஒரு குரல் வரும்.

சில மாதங்களிலேயே பலன் தெரிந்தது. மதினிக்குத் தூக்கம் வந்தது. படியில் மூச்சு வாங்குவது குறைந்தது. கிளினிக்கில் டாக்டரம்மா இரத்தச் சோதனையைப் பார்த்துவிட்டு, "என்ன அம்மா செய்றீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். "டெனிஸ் ஆடுறேங்க" என்று மதினி சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். என் பிரஷரும் இறங்கியது. கைப்பேசியில் படித்தது எல்லாம் உண்மைதான். அந்த ஆட்டத்தின்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

ஒருநாள் துரை வந்து நின்று எங்களைப் படம் எடுத்தார். அதைக் கம்பெனி தன் முகநூல் பக்கத்தில் போட்டது. மதினியின் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மகள் எனக்குக் காட்டினாள். மட்டைகளோடு ஆறு பெண்கள், கீழே வெறுங்கால்கள். மண்ணின் மீதுள்ள மரியாதை, எளிமை என்று என்னென்னவோ எழுதியிருந்தார்கள். அதன் கீழே ஊர் உலகமெல்லாம் கை கூப்பியிருந்தது. எங்கள் கால்களை அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்த மனிதருக்கு, இவர்கள் ஏன் செருப்பில்லாமல் நிற்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அழகாக இருக்கிறது என்றுதான் தோன்றியிருக்கிறது. அவர் காலில் சப்பாத்து இருந்தது.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. ஆட்டம் முடிகிற நேரம், கோர்ட்டைப் பார்த்துக்கொள்கிற வாச்சர் ஓடி வந்தார். எங்கள் லயத்துக்காரர்தான், ஆனால் அன்றைக்குக் கங்காணியின் குரலில் கத்தினார்.

"எவ இங்க வெத்தல துப்பினது? தொர பாத்தாருன்னா எனக்குத்தானே பேச்சு!"

மதினி நின்று ஆடிய பக்கத்தில், கடைசிக் கோட்டுக்குக் கிட்டே, தரையில் சிவப்பாகச் சின்னச் சின்னக் கறைகள். மிதிபட்டு, மண்ணோடு கலந்து, பாதி காய்ந்துபோயிருந்தன. வெற்றிலை போடுகிற பெண்கள் ஆடுகிற இடத்தில் சிவப்பாக ஒன்று கிடந்தால் அது வேறு என்னவாக இருக்கும்? யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நீயா, நானா என்று அவர்களுக்குள்ளேயே வாய்த்தகராறு கிளம்பியது. கறை மதினியின் பக்கம் இருந்ததால் எல்லாருடைய கண்ணும் அவர்மேல்.

"நான் வெத்தலய செருப்புக் கிட்டயே வச்சிட்டுத்தானே வந்தேன். இங்க துப்புவனா நான்? இந்தக் கோட்டக் கூட்டுனவ நானு" என்றார் மதினி.

நான் வாச்சரோடு மல்லுக்கு நின்றேன். வயசுக்கு மரியாதை கொடுத்துப் பேசுங்கள், இது உங்கள் வீட்டுச் சொத்தா என்று கத்தினேன். அவரும் பதிலுக்குக் கத்தினார். நாங்கள் இரண்டுபேரும் கத்திக்கொண்டிருக்கும்போதே மதினி போய் ஒரு சாக்கை நனைத்துக்கொண்டு வந்து, முழங்காலில் நின்று, அந்தக் கறையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். "விடு டீச்சர், நான் துப்பலன்னு மாதாவுக்குத் தெரியும்" என்றார். துடைக்கத் துடைக்க இன்னொரு பக்கம் கறை விழுந்துகொண்டிருந்திருக்கும். அவருக்குப் பின்னால், அவர் பாதத்துக்கு அடியில். சாக்குத் தண்ணியில் அதுவும் கரைந்துபோனது.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. மதினிக்குக் காய்ச்சல், இரண்டு நாளாக எழும்பவில்லை. நான் லீவு போட்டுவிட்டு ஓடினேன். காம்பராவுக்குள் நுழைந்ததுமே ஒரு வாடை. போர்வையை விலக்கினேன். வலது கால் கணுக்கால்வரை வீங்கி, பெருவிரல் பக்கம் கறுத்துப்போயிருந்தது. பாதத்தைத் திருப்பினால், பெருவிரலுக்குக் கீழே ஓர் ஓட்டை. அதற்குள் துருப்பிடித்த கம்பித் துண்டு ஒன்று முனை மட்டும் தெரிய இருந்தது. கோர்ட்டைச் சுற்றி அடித்த கம்பி வலையிலிருந்து உடைந்து விழுந்த துண்டு.

"மதினி, இது குத்துனது தெரியலயா?"

"வலிக்கவே இல்ல டீச்சர். ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வர்றப்ப செருப்பு ஈரமா இருந்திச்சு. சாக்குத் தண்ணின்னு நெனச்சேன்."

கட்டிலடியில் கிடந்த செருப்பை எடுத்துப் பார்த்தேன். உள்பக்கம் முழுக்கக் கறுப்பாகக் காய்ந்த இரத்தம். அப்போதுதான் எனக்கு அந்தக் கறை புரிந்தது. அந்தச் செருப்பை வைத்துக்கொண்டு நான் வாசலுக்கு வந்து நின்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு எதிரில் யாராவது இருந்திருந்தால் அடித்திருப்பேன். தன் இரத்தத்தையே வெற்றிலை எச்சில் என்று திட்டு வாங்கி, முழங்காலில் நின்று தானே துடைத்திருக்கிறார் இந்த மனுசி. தரை கெட்டுவிடக் கூடாது என்று.

வேன் பிடித்து, பசறை வழியாகப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தவர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள், காலையும் காப்பாற்றினார்கள். பெருவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுக்க வேண்டியிருந்தது. கிளினிக்கில் பார்க்கிற அதே டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். அவருக்கும் கோபம், அது வேறு விதமான கோபம்.

"அம்மா, நான் எத்தனை தடவை சொன்னேன், செருப்பில்லாமல் எங்கேயும் போகக் கூடாதென்று? வீட்டில் போடுறீங்க, வெளியில் போடுறீங்க. ஓடி ஆடுகிற இடத்தில் ஏன் போடவில்லை?"

மதினி அவரைப் புரியாமல் பார்த்தார்.

"அது தொர கோட்டுங்க, டாக்டரம்மா. அதுல எப்படிங்க செருப்போட…"

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது, தமிழில் சொன்னதைத் தமிழிலேயே. சொல்லி முடித்ததும் அவர் மதினியின் கட்டுப்போட்ட காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த வாரமே நான் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். துரை எழுந்து நின்று நாற்காலி போட்டார். ரொம்ப வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஆனா டீச்சர், நாங்க யாருமே செருப்பக் கழட்டச் சொல்லலயே. அப்படி ஒரு சட்டம் இருந்ததே எனக்குத் தெரியாது."

"கழட்ட வேணாம்னு சொன்னீங்களா?"

அவர் மேசைமேல் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

"போட்ட சட்டத்த எடுத்துட்டோம்னு யாராவது எங்ககிட்ட வந்து சொன்னீங்களா? அரைப்பேர் போட்டது மட்டும் பெரட்டுல எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொன்னாங்களே!"

நான் எழுந்து வந்துவிட்டேன். முகநூலில் போட்ட படத்தை நீக்கிவிட்டார்கள். அதோடு இன்னொன்றும் செய்தார்கள். தொழிலாளர் பாதுகாப்பைக் கருதி கோர்ட் மூடப்பட்டிருக்கிறது என்று பலகை எழுதி, வேலிக்கதவைக் கம்பியால் சுற்றிக் கட்டிவிட்டார்கள். சப்பாத்து வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றோ, உடைந்த கம்பி வலையை மாற்ற வேண்டும் என்றோ யாருக்கும் தோன்றவில்லை. எங்களை வெளியே தள்ளுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு.

மதினி வீடு திரும்பியபிறகு நிலைமை மோசமாகத்தான் போனது. பெருவிரல் இல்லாமல் ஏற்றத்தில் கால் ஊன்ற முடியவில்லை. லயத்தை விட்டு இறங்கினாலே படிக்கட்டு. பீலிக்குப் படி, கோயிலுக்குப் படி, ரோட்டுக்குப் படி. இரண்டு தடவை விழுந்தார். பிறகு பயத்தில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சீனி திரும்பவும் ஏறியது. டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்: இப்படியே உட்கார்ந்திருந்தால் அடுத்து விரலோடு நிற்காது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும். தட்டையான இடத்தில் நடக்கட்டும், பிறகு ஆடிப் பழகிய ஆட்டத்தையே மெதுவாக ஆடட்டும், ஆனால் இந்தச் சப்பாத்தோடு. விரல் போனவர்களுக்கென்று உள்ளே மெத்தை வைத்துச் செய்த கறுப்புச் சப்பாத்து அது. மதினி அதை மடியில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார்.

தட்டையான இடம். எங்கள் தோட்டத்தில் அது எங்கே இருக்கிறது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

கோர்ட்டைத் திறந்துவிடச் சொல்லி மறுபடியும் ஆபீசுக்குப் போனேன். கொழும்பில் கேட்க வேண்டும் என்றார்கள். அடுத்த முறை போனபோதும் அதையே சொன்னார்கள். என் வீட்டில் கதவைத் திறக்க நான் கொழும்பைக் கேட்பதில்லை. என் அம்மா கூட்டிய தரைக்கு எதற்காகக் கேட்க வேண்டும்?

அதனால் போன ஞாயிறு, பூசை முடிந்து, மதினியை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் பக்கத்து வீட்டுப் பெண்ணும் தாங்கிக்கொண்டு, படி படியாக இறக்கி, கோர்ட் வாசலுக்குக் கொண்டுவந்தோம். கையில் இடுக்கி கொண்டுபோயிருந்தேன். கம்பியை நெளிக்க ஆரம்பித்தபோது வாச்சர் வந்தார். சண்டைக்குத் தயாராக நிமிர்ந்தேன். அவர் மதினியின் காலைப் பார்த்தார். அந்தக் கறை என்னவென்று தெரிந்த நாளிலிருந்து அவர் மதினியின் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. என் கையிலிருந்த இடுக்கியை வாங்கி, கம்பியை அவரே முறுக்கி எடுத்து, கதவைத் தள்ளிவிட்டார்.

"நான் மேல் மலைப் பக்கம் போறேன். இந்தப் பக்கம் வரல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான் முதலில் உள்ளே போனேன், சப்பாத்தோடு. திரும்பிப் பார்த்தால் மதினி வாசலில் நிற்கிறார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, தட்டுத்தடுமாறிக் குனிகிறார். கை சப்பாத்தின் பட்டியைப் பிடித்துவிட்டது.

"கழட்டாதீங்க!"

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பெண் திடுக்கிட்டுப்போனாள்.

"கழட்டினீங்கன்னா இனிமே ஒங்க மொகத்துல முழிக்கமாட்டேன், மதினி. சத்தியமா!"

"கை தானா போகுது டீச்சர்" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பட்டியை விட்டு மெதுவாக நிமிர்ந்தார். வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார். பல மாதமாக யாரும் கூட்டாத தரை, மழைக்கு இளகிக் கிடந்தது. சப்பாத்து அப்படியே பதிந்தது. அவர் நின்று அந்தத் தடத்தைப் பார்த்தார்.

"தடம் விழுதே."

"விழட்டும்."

அவர் இன்னோர் அடி வைத்தார். பிறகு இன்னொன்று. வலையைச் சுற்றி, யாரையும் பிடிக்காமல், அந்தப் பக்கம் நடந்தார். கடைசிக் கோட்டுக்குக் கிட்டே, அன்றைக்கு முழங்காலில் நின்று துடைத்த இடத்துக்குப் போய், அதன்மேலேயே இரண்டு சப்பாத்துக் காலையும் ஊன்றி நின்றுகொண்டார். மட்டையை நீட்டிப் பிடித்தார்.

"போடு டீச்சர்."

மெதுவாகத்தான் போட்டேன். கண்ணீர் மறைத்ததால் சரியாகப் போடக்கூட முடியவில்லை. அவர் நகராமல், தரையோடு தரையாக வாரி, என் காலுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டார். நான் கோட்டைவிட்டேன்.

"பதினஞ்சு" என்றார் மதினி. "இந்த வாட்டி நாப்பத்தஞ்சு வரைக்கும் எண்ணுவோம். அஞ்சு வெட்ட விடமாட்டேன்."